கூட்டக் குறிப்பு, மூன்றாம் லைன்

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
பாயான் லெப்பாஸ், இரண்டாம் மாடி, கண்ணாடி அறை,
ஏர்கோன் பதினெட்டில்.
யார் எதைச் சொன்னாலும் அப்படியே எழுத வேண்டும்.
புரிந்ததா என்று எவரும் கேட்டதில்லை.

முதல் வாரம் ஸ்டூவர்ட் என்னைப் பார்த்து,
பந்து இப்போது உன் பக்கம் என்றார்.
மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன்.
சியூ லீயும் அவளுடைய முதல் வாரத்தில் பார்த்தாளாம்,
ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னாள்.

எல்லோரும் ஒரே பக்கத்தில் இருக்கிறோமா என்பார்.
தலையாட்டுவோம்.
என் கையில் நாலாம் பக்கம்,
சியூ லீயிடம் ஏழு,
புவான் ஹஸ்லினா தாளையே கொண்டுவரவில்லை.

பழகிவிட்டது.
வீட்டில் ஒரு சண்டைக்கு நடுவே
இதை ஆஃப்லைனில் பேசிக்கலாம் என்று என் வாயே சொன்னது.
புருஷன் எழுந்து போய்
வைஃபையை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்,
இப்ப பேசு என்று.

மார்ச்சில் புதிதாய் ஒன்று வந்தது:
தாழத் தொங்கும் பழம்.
செலவைக் குறைக்க முதலில் எங்கே கை வைப்பது?
திரையில் ஒரு பச்சை வட்டம், அதற்குள் மூன்றாம் லைன்,
நாற்பத்திரண்டு பேர்.

பாலேக் பூலாவில் என் மாமியாருக்கு ஆறு டுரியான் மரம்.
எத்தனை தாழத் தொங்கினாலும் பறிக்க மாட்டார்.
இரவில் தானாய் விழ வேண்டும்,
விழுந்த சத்தம் கேட்டுத்தான் டார்ச் எடுப்பார்.
இதை நான் குறிப்பில் எழுதவில்லை.

இந்த அறையில் ஒரு யானை நிற்கிறது,
யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை,
என்றார் ஸ்டூவர்ட்,
அவரும் அதற்கு மேல் பேசவில்லை.
நம் பாஷையில் அது பூசணிக்காய்.
அன்று மத்தியானம் கேன்டீனில்
மேலிருந்து இறங்கி வந்த நாங்கள் நாலு பேரும்
சோற்றைக் கரண்டியால் தட்டித் தட்டி
மூடிக்கொண்டே இருந்தோம்.

எதிரே சங்கிலிமுத்து.
டெஸ்டிங்கில் பத்தொன்பது வருஷம்.
"மேல என்னம்மா பேச்சு?"
"ஒண்ணுமில்லண்ணே. பெரிய படத்தப் பாக்கணுமாம்."
"தமிழ்ப் படமா?"

சிரித்தேன்.
அந்தச் சிரிப்புக்கு இன்னும் எனக்கு மன்னிப்பு இல்லை.

கடிதத்தை ஆங்கிலத்திலேயே வாசித்தார்கள்.
மலாயில் சொன்னால் அவருக்குப் புரியும்,
புவான் ஹஸ்லினாவுக்கும் அது தெரியும்,
ஒரு வார்த்தை மாறக் கூடாதென்று தலைமையகத்தில் உத்தரவு.
வீ ஹேவ் டு லெட் யூ கோ.
கடைசிச் சொல்லை அவர் பிடித்துக்கொண்டார்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டரை.
"விட்டாச்சா? ஷிஃப்ட் முடிய ஏழாவுமே?"

பத்தொன்பது வருஷத்தில்
ஒருநாள்கூட நேரத்தோடு விட்டதில்லை அவரை.
சந்தோஷமாகத்தான் கேட்டார்.

ஸ்டூவர்ட் என்னைப் பார்த்தார்.
பந்து என் பக்கம்.
எத்தனை மெத்தையான சொற்கள் இருந்தன என்னிடம்,
எட்டு வருஷமாய்ச் சேர்த்தது,
ஒன்றுகூடத் தமிழில் உட்காரவில்லை.
"வேல போச்சுண்ணே" என்றேன்.

வெளியே போனவர் வீட்டுக்குப் போகவில்லை.
கம்பெனி பஸ் ஏழுக்குத்தான்.
ஜாகா கொட்டகைப் பக்கம் குட்டிச் சுவரில்
நாலரை மணி நேரம்.
கண்ணாடி அறையிலிருந்து தெரிந்தது.
அந்த நாலரை மணி நேரமும் நான் தட்டச்சு செய்தேன்.
அடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில்
சுற்றி வந்து பேசலாம் என்று எழுதினேன்,
அழித்தேன்,
அதையே மறுபடி எழுதினேன்.

ஏழு மணி. பஸ் படியில் ஒவ்வொருவராய் ஏற,
டிரைவர் தணிகாசலம் தினமும் கேட்பதைக் கேட்டார்.
"விட்டாச்சா?"
"விட்டாச்சு, விட்டாச்சு" என்றார் சங்கிலிமுத்து,
நேற்றுச் சொன்ன அதே குரலில்.

பாலத்துப் பக்கம் நெரிசல். பஸ் நகரவில்லை.
மடியில் பிளாஸ்டிக் பை, அதற்குள்
கம்பெனி கொடுத்த இரும்பு மூக்குச் சப்பாத்து.
சீட்டுக்கு மேலாகத் திரும்பி என்னிடம் கேட்டார்:
"இதத் திருப்பிக் கொடுக்கணுமா?
லெட்டர்ல ஏதாச்சும் போட்டிருக்கா?"